நடுவர் கண் எங்கே இருக்க வேண்டும்? கூடைப்பந்து: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. ஆட்டத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? விதிகள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவினுடையவை. மைதானத்தில் இரண்டு நடுவர்கள் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறோம். மூவர் முறை என்றால் அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: ‘பந்தைப் பார்க்காதே’ என்று பயிற்சியில் ஓயாமல் சொல்கிறார்கள். பந்து போகும் பக்கம் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. பந்தைப் பார்க்காமல் எப்படி விசில் ஊதுவது?

பதில்: உங்களுக்குச் சொல்லித்தந்தது பாதிதான். கண்ணுக்கு வேறொரு இடம் கொடுக்காமல் ‘அதைப் பார்க்காதே’ என்றால் அது அங்கேயேதான் போகும். பந்து உங்கள் பகுதியில் இருக்கிறதா, கூட்டாளி பகுதியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து கண்ணின் இடம் மாறும். அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பந்து உங்கள் பகுதியில் இருந்தால், பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் டிஃபெண்டரின் உடம்பில் கண்ணை வையுங்கள். இடுப்பிலிருந்து தோள் வரை ஒரு பார்வை, அதன் ஓரத்தில் அவருடைய பாதங்கள். உரசல் வந்தால் யார்மேல் தவறு என்பதை அநேகமாக டிஃபெண்டர்தான் தீர்மானிக்கிறார்: எப்போது அந்த இடத்துக்கு வந்தார், எந்தப் பக்கம் நகர்ந்தார், கை எங்கே இருந்தது. இதையெல்லாம் உரசலுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். உரசிய பிறகு பார்த்தால் விழுந்தவர் மட்டும்தான் தெரிவார். விழுந்தவருக்குச் சாதகமாக ஊதத் தோன்றும். பந்து எங்கேயும் ஓடிவிடாது, பார்வையின் ஓரத்தில் தானாகவே இருக்கும்.

பந்து கூட்டாளி பகுதிக்குப் போய்விட்டால் அது உங்களுக்கு இல்லாத பொருள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பந்தைச் சுற்றி இரண்டு ஜோடிக் கண்கள், மற்ற எட்டுப் பேருக்கு ஒரு கண்ணும் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் பகுதியில் இருப்பவர்களை ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஏற்கெனவே உடம்பு ஒட்டி நிற்கும் ஜோடி முதலில். கூடைக்கு அருகிலுள்ள போஸ்டில் இடம் பிடிக்க முட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்த வகை. அடுத்தது, இன்னும் ஓரிரு விநாடியில் ஒட்டப்போகிற ஜோடி: ஸ்கிரீன் போட (தன் அணியினருக்காக டிஃபெண்டரின் வழியை மறித்து நிற்க) வருபவரும், அதில் மாட்டப்போகிற டிஃபெண்டரும். தனியாக மூலையில் நிற்கும் ஷூட்டரைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அவர் தனக்குத்தானே ஃபவுல் செய்துகொள்ள மாட்டார்.

யாருடைய பகுதி எது என்பதை ஆட்டத்துக்கு முன்பே கூட்டாளியோடு பேசிவிடுங்கள். இருவர் முறையில் ட்ரெயில் நடுவர் தாக்கும் அணிக்குப் பின்னால், கூடையைப் பார்த்தபடி இடப்புறம் நிற்பார். லீட் நடுவர் கூடைக்குப் பின்னாலுள்ள எண்ட்லைனுக்கு வெளியே வலப்புறம் நிற்பார். மேல்பகுதி (கூடையிலிருந்து தள்ளியுள்ள பக்கம்) முழுவதும், இடது மூலை உட்பட, பந்து ட்ரெயிலுக்கு. கூடைக்கு முன்னாலுள்ள பெயின்ட் பகுதியும் அதன் வலப்பக்க ஆழமும் லீடுக்கு. பந்து மேலே வலப்பக்கம் போனால் அதுவும் ட்ரெயிலுடையதே. அப்போது சைட்லைனை ஒட்டி நின்றபடி எட்டிப் பார்க்கக் கூடாது, மைதானத்துக்குள் சில அடி நடந்து வர வேண்டும்.

கேள்வி: சரியான இடத்தில்தான் நின்றேன், ஆனாலும் கையில் அடித்தாரா பந்தில் அடித்தாரா என்று தெரியவில்லை. கிட்டே போக வேண்டுமா?

பதில்: கிட்டே போனால் இன்னும் மோசமாகும். மூன்று மீட்டருக்கும் ஆறு மீட்டருக்கும் இடையில் நின்றால், தலையை அசைக்காமலேயே ஒருவரின் கையும் காலும் சேர்ந்து தெரியும். அதைவிட நெருங்கினால் தோள் மட்டும் பெரிதாகத் தெரியும், கால் பார்வையிலிருந்து விழுந்துவிடும்.

உங்களுடையது தூரத்தின் பிரச்சினை இல்லை, கோணத்தின் பிரச்சினை. பந்து வைத்திருப்பவர், டிஃபெண்டர், நீங்கள் மூவரும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் ஒரு முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி உங்களுக்குத் தெரிய வேண்டும், அதுதான் சோதனை. இடைவெளி மறைந்ததும் ஓரடியோ இரண்டடியோ பக்கவாட்டில் நகருங்கள். டிரைவ் (பந்தோடு கூடையை நோக்கிப் பாயும் ஓட்டம்) எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பெரும்பாலும் இடைவெளி திறக்கும். நகர்ந்ததும் நின்றுவிடுங்கள். ஓடிக்கொண்டே பார்க்கும்போது கண்ணோடு சேர்ந்து காட்சியும் ஆடும், சின்ன உரசலும் பெரிதாகத் தெரியும்.

கோணம் கிடைக்கவில்லையா, ஊதாதீர்கள். ‘அடித்திருப்பார்’ என்று ஊதுவதைவிட, கூட்டாளிக்கு நல்ல கோணம் இருக்கும் என்று விட்டுவிடுவது மேல்.

கேள்வி: லே-அப்புக்கு (கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் ஷாட்) போகிறவரும் குறுக்கே வந்தவரும் மோதுகிறார்கள். பிளாக்கா (தடுத்தவர் தவறு), சார்ஜா (பந்தோடு வந்தவர் தவறு)? எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரு கோச் கத்துகிறார்.

பதில்: கோச் கத்தட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது மோதலுக்கு முந்தைய ஒரு விநாடி.

டிரைவ் ட்ரெயிலின் பகுதியில் தொடங்கினால், முதல் டிஃபெண்டரை ட்ரெயில் கடைசி வரை விடக் கூடாது. லீட் அந்த டிரைவைப் பார்க்கவே வேண்டாம். பெயின்டுக்குள் உதவிக்கு வரக்கூடிய அடுத்த டிஃபெண்டரை அவர் தேட வேண்டும். லீடின் கண் டிரைவ் செய்பவரோடு சேர்ந்து உள்ளே வந்தால், உதவி டிஃபெண்டர் மோதும் நொடியில்தான் அவரைக் கவனிப்பார். அவர் எப்போது வந்து நின்றார் என்பதற்கு லீடிடம் பதில் இருக்காது. தவறான பிளாக், தவறான சார்ஜ் இரண்டுக்குமே பெரும்பாலும் காரணம் இதுதான்.

உதவிக்கு வந்தவரைப் பார்க்கும்போது மனதில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். எதிராளியை நோக்கி, இரண்டு காலும் தரையில் பட நின்றாரா? நின்றிருந்தால் சட்டப்படியான தடுப்பு நிலை கிடைத்துவிட்டது. அதன்பிறகு அவர் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகரலாம். சிலைபோல நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பந்து வைத்திருப்பவருக்கு விலக நேரமும் தூரமும் தர வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆனால் அவர் தாவிவிட்டால் கணக்கு மாறும்: கால் தரையை விடுவதற்கு முன்பே டிஃபெண்டர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். மோதல் நெஞ்சில் விழுந்ததா, பக்கத் தோளிலோ நீட்டிய முழங்காலிலோ விழுந்ததா என்பது அடுத்தது. டிஃபெண்டர் தன் சிலிண்டருக்குள், அதாவது தான் நிற்கும் இடத்துக்கு நேர்மேலான வெளிக்குள், நேராக மேலே எழும்பி, கைகளையும் நேராக உயர்த்தியிருந்தால் அவர்மேல் தவறு கிடையாது, எதிராளி எவ்வளவு பலமாக விழுந்தாலும் சரி.

கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் இருக்கிறதல்லவா, டிஃபெண்டரின் ஒரு கால் அதில் பட்டாலே, பந்தோடு பறந்து வந்து ஷாட்டோ பாஸோ செய்பவர்மேல் சார்ஜ் கிடையாது. ஷாட் போடுபவர் கையையோ காலையோ உடம்பையோ முறைகேடாகப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அரைவட்டக் கோட்டைப் பார்க்க லீட் மோதல் வரை காத்திருக்கக் கூடாது. உதவி டிஃபெண்டரைக் கண்டுபிடித்த உடனே காலை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையை மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

கேள்வி: காலைப் பார்த்தால் கையில் அடிப்பது தவறுகிறது, கையைப் பார்த்தால் டிராவலிங் (பந்தோடு அதிக அடி வைப்பது) தவறுகிறது.

பதில்: இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்வதால்தான். கை முதலில், கால் பிறகு. ட்ரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதை) முடித்து பந்தைக் கைக்குள் எடுக்கும் நொடிக்காகக் காத்திருங்கள். இரண்டாவது கை பந்தில் படுவது, அல்லது ஒரு கை பந்துக்கு அடியில் போய் அது நிற்பது; அந்த நொடியிலிருந்துதான் காலடிக் கணக்கு தொடங்குகிறது. அதற்கு முன்னால் காலை எண்ணுவது வீண்வேலை. கண் கீழே இருக்கும்போது மேலே கையில் விழும் அடிதான் தப்பிப் போகும்.

2017 அக்டோபரில் ஃபிபா மாற்றிய விதிப்படி, ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும் நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதன்பிறகு இரண்டு அடிகள் உண்டு. மூன்று அடிபோலத் தெரிவதால் பழைய பழக்கத்தில் ஊதிவிடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நின்றபடி பிடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ட்ரிபிளைத் தொடங்கினால், பிவட் கால் (ஊன்றுகால்) எழும்புவதற்கு முன்னால் பந்து கையை விட்டிருக்க வேண்டும். எனவே நின்று பிடிப்பவர் விஷயத்தில், பந்து கைக்கு வந்ததும் ‘இடது’, ‘வலது’ என்று பிவட் காலை மனதுக்குள் பெயர் சொல்லிக்கொள்ளுங்கள். பிவட் எது என்று தெரியாமல் டிராவலிங் ஊதவே கூடாது. சுழன்று திரும்புவதும், இடம் வலம் என்று அகலமாக அடி வைப்பதும் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். கோணல் என்பது விதிமீறல் அல்ல.

இன்னொன்று. டிஃபெண்டர் இடித்ததால்தான் கால் இழுபட்டிருந்தால், முதலில் நடந்தது ஃபவுல். டிஃபெண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியும், காலை எண்ணிக்கொண்டிருந்தவருக்குத் தெரியாது.

கேள்வி: முழங்கையால் ஒருவர் இடித்ததை மைதானமே பார்த்தது. எனக்கு மூன்று மீட்டர் தூரத்தில்தான் நடந்தது, நான் பார்க்கவில்லை. கண்ணைப் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: பரிசோதிப்பதில் தவறில்லை, ஆனால் காரணம் அதுவாக இருக்காது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் ஷாப்ரி என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட சோதனை ஒன்று உங்களுக்குத் தோதானது, அதிலும் கூடைப்பந்துதான். வெள்ளைச் சட்டை அணி எத்தனை பாஸ் செய்கிறது என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் ஆட்டக்காரர்களுக்கிடையே நடந்து போனார். பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அவர் தெரியவேயில்லை. கண் முன்னால் இருந்தாலும், மனம் வேறொன்றில் கட்டுண்டிருந்தால் தெரியாது.

ஆகவே, அந்த நேரத்தில் உங்கள் மனம் எதை எண்ணிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். பந்தை எதிர்ப் பாதி மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எட்டு விநாடியையா, சற்றுமுன் கொடுத்த ஃபவுலைப் பற்றி கோச் சொன்னதையா, பந்தின் பாஸையா? ஆட்டத்தில் கவனம் அதிகம் கசிவது முந்தைய முடிவைப் பற்றிய யோசனையில்தான். அடுத்த நிறுத்தம் வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். அவ்வாறு தள்ளிப்போட முடியாதபோது பந்தில்லாத ஜோடிகளை எண்களால் பெயரிடுங்கள்: ‘ஏழு–பன்னிரண்டு, ஒட்டியிருக்கிறார்கள்’. வாயைத் திறக்காமல் சொன்னாலே போதும், கண் அங்கே நிற்கும்.

பெரும்பாலும் பதிலடியைத்தான் நடுவர் பார்க்கிறார், முதல் அடியைப் பார்ப்பதில்லை. யாராவது திடீரென்று திரும்பினாலோ கையை உதறினாலோ, அந்த ஜோடியின்மேல் அடுத்த இரண்டு மூன்று தாக்குதல்கள் முழுக்க ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: தாக்கும் அணியினர் பெயின்டில் நிற்கக்கூடிய மூன்று விநாடியை எண்ணுவது யார்?

பதில்: பெரும்பாலும் லீட். பாதங்களை உற்றுப் பார்க்காதீர்கள். பெயின்டில் முட்டிக்கொண்டு நிற்கும் ஜோடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் கோட்டுக்குள் இருப்பது ஓரத்தில் தெரியும். தாக்கும் பக்கமான முன்பாதி மைதானத்தில் அணியிடம் பந்து இருந்து, ஆட்டக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தால்தான் எண்ண வேண்டும். வெளியேற முயல்பவருக்கு விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: ஷாட் போட்ட பிறகு பந்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூடையில் விழுந்ததா என்று நான் பார்க்க வேண்டாமா?

பதில்: ட்ரெயில் பார்க்க வேண்டும், லீட் வேண்டாம்.

ட்ரெயிலுக்கு இதில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றினால் எல்லாம் குழம்பும். பந்து கையை விடும்வரை ஷூட்டரின் கையிலும் டிஃபெண்டரின் கையிலும் கண். பந்து போன பிறகும் ஷூட்டரை விடாதீர்கள். அவருடைய இரண்டு காலும் தரையில் பட வேண்டும். எழும்பியவருக்கு இறங்க இடம் வேண்டும். டிஃபெண்டர் அவர் இறங்கும் இடத்தில் காலை நுழைத்தால் கணுக்கால் பிசகும், விஷயம் சாதாரண ஃபவுலோடு நிற்காமலும் போகலாம். ஷூட்டர் இறங்கிய பிறகுதான் கண் மேலே போகலாம். தூர ஷாட்டாக இருந்தால் பந்து உச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் அங்கே போய்ச் சேர நேரம் இருக்கும். பந்து இறங்கும்போது முழுவதும் வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கையில் யாராவது தொட்டால் அது கோல்டெண்டிங் என்ற விதிமீறல். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். பந்து வளையத்துக்கு மேலே போர்டில் பட்டுவிட்டாலும் தொடக் கூடாது.

லீட் தலையை நிமிர்த்தவே கூடாது. பந்து காற்றில் இருக்கும் அந்தச் சிறிய நேரத்தில்தான் ரீபவுண்டுக்கான (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பதற்கான) தள்ளுமுள்ளு நடக்கிறது. பந்து வளையத்தில் படும்போது வேலை முடிந்திருக்கும். யார் உள்பக்கம் இடம் பிடித்திருக்கிறார், பின்னால் இருப்பவரின் கை அவர் இடுப்பில் என்ன செய்கிறது, முழங்காலால் இடுப்பைத் தள்ளுகிறாரா? ஒரு ஜோடியை எடுத்து முடியும்வரை பாருங்கள். ஐந்து ஜோடியையும் மேய்ந்தால் ஒன்றும் கிடைக்காது.

பலருக்குத் தவறுவது இங்கே: உயரமானவர் பின்னாலிருந்து கையை நீட்டி மேலே பந்தை எடுத்தால், முன்னால் இருப்பவரின் ஆதரவாளர்கள் கத்துவார்கள். உடம்பில் படாமல் எடுத்தால் அது நல்ல ரீபவுண்ட். இடத்திலிருந்து முன்னால் இருப்பவரைத் தள்ளி நகர்த்தினால்தான் ஊத வேண்டும்.

கேள்வி: மூவர் முறைக்கு மாறியிருக்கிறோம். சுழலும்போது (நடுவர்கள் இடம் மாறிக்கொள்ளும்போது) நான் எதையும் பார்ப்பதில்லை என்று கூட்டாளி சொல்கிறார்.

பதில்: சுழற்சியைத் தொடங்குவது லீட். பந்து எதிர்ப்பக்கம் போய் அங்கேயே தங்கினால்தான் கூடைக்குக் கீழே நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். முதலில் பெயின்டின் ஓரம் வரை வந்து நின்று பாருங்கள். பந்து திரும்பி வந்துவிட்டால் உங்கள் இடத்துக்கே திரும்பலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. டிரைவோ ஷாட்டோ வரப்போகிறது என்று தெரிந்தால் சுழலவே வேண்டாம்.

நடக்கும்போது முகம் மைதானத்தை நோக்கியே இருக்கட்டும். போஸ்டில் நிற்கும் ஜோடி உங்கள் பார்வையிலேயே இருக்க வேண்டும். லீட் நடப்பதை, எதிர்ப்பக்கம் நிற்கும் மூன்றாவது நடுவரான சென்டர் பார்த்ததும் மேலே போய் ட்ரெயிலாவார், பழைய ட்ரெயில் கீழே இறங்கிச் சென்டராவார். லீட் மறுபக்கம் போய்ச் சேரும்வரை சென்டர் தன் பக்கத்து ஷூட்டரையும் டிரைவையும் விடக் கூடாது. லீட் கிளம்பிய உடனே சென்டர் கண்ணை எடுத்துவிடுவதால்தான் அந்தப் பக்க டிரைவ் யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

கேள்வி: ஷாட் போடுவதற்கான 24 விநாடிக் கடிகாரத்தை எத்தனை முறை பார்ப்பது? அதைப் பார்த்தால் ஆட்டம் போய்விடுகிறது.

பதில்: பந்து கைமாறியதும் ஒரு பார்வை, ஓடத் தொடங்கியதா என்று தெரிய. ஷாட் வளையத்தில் பட்டு, தாக்கும் அணியே ரீபவுண்ட் எடுத்தால் 14 ஆகியிருக்கிறதா என்று ஒரு பார்வை. 10க்குக் கீழே இறங்கியதும் இன்னொன்று. எந்தப் பார்வையாக இருந்தாலும், அந்த நேரத்தில் முன்னால் முட்டல் இல்லாதவர் பார்க்கட்டும். கடைசி விநாடிகளில் ட்ரெயிலின் கண் ஷூட்டரின் கையில். மணியைக் காதால் கேட்டால் போதும். மணி அடிக்கும்போது பந்து காற்றில் இருந்தால் உடனே ஊதாமல் அது வளையத்தில் படுகிறதா என்று காத்திருங்கள். படவில்லை என்றால், எதிரணி அப்போதே பந்தைத் தெளிவாகக் கைப்பற்றியிருந்தால் ஆட்டம் தொடரும், இல்லையென்றால் விதிமீறல்.

கேள்வி: ஆட்டம் இல்லாத நாள்களில் இந்தப் பார்வையை எப்படிப் பழகுவது?

பதில்: வீடியோவில் பழகலாம், ஆனால் ரசிகராகப் பார்க்கக் கூடாது. ஒட்டுமொத்த மைதானமும் தெரிகிற ஒளிப்பதிவாகத் தேர்ந்தெடுங்கள்; பந்தை மட்டும் துரத்தும் கேமரா இதற்குப் பயன்படாது. ஒலியை அணைத்துவிடுங்கள், விசில் சத்தம் உங்களுக்குப் பதில் சொல்லித்தரும். முதல் சுற்றில் உங்களை லீட் என்று வைத்து, ஒவ்வொரு தாக்குதலிலும் உதவிக்கு வரப்போகிற டிஃபெண்டரை மட்டும் கண்டுபிடியுங்கள். மோதலுக்கு முன்னால் வீடியோவை நிறுத்தி, அவருடைய எண்ணைச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையா, உங்கள் கண் பந்தோடு போயிருக்கிறது என்று பொருள். அடுத்த சுற்றில் அதே தாக்குதல்களை ட்ரெயிலாக, முதல் டிஃபெண்டரை மட்டும் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். கண் சோர்ந்த பிறகு பழகுவது பந்தைப் பார்க்கும் பழைய பழக்கத்தையே வளர்க்கும்.

கேள்வி: ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகத் தரப்படும் தடையில்லா ஷாட்) என்ன பார்ப்பது? எல்லோரும் சும்மா நிற்கிறார்களே.

பதில்: சும்மா நிற்கும்போதுதான் கண் பந்தோடு கூடைக்குப் போய்விடுகிறது. பெயின்ட் ஓரத்தில் ஐந்து பேர் வரை நிற்கலாம்: டிஃபென்ஸ் மூன்று, அஃபென்ஸ் இரண்டு. லீடும் ட்ரெயிலும் அவரவர் எதிர்ப்பக்கத்து வரிசையைப் பார்ப்பார்கள். ஷூட்டரையும் ஷாட் போட அவருக்குள்ள ஐந்து விநாடியையும் ட்ரெயில் எடுத்துக்கொள்வார். வரிசையில் நிற்பவர் பந்து கையை விடும்வரை உள்ளே அடி வைக்கக் கூடாது. ஷூட்டரோ பந்து வளையத்தில் படும்வரையோ கூடைக்குள் போகும்வரையோ கோட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் பார்வை வரிசையிலுள்ள பாதங்களில் இருக்கட்டும், பந்து கையை விடுவது ஓரப்பார்வையிலேயே தெரிந்துவிடும். கடைசி ஃப்ரீ த்ரோவில் பந்து வளையத்தில் பட்டதும் பாதங்களிலிருந்து இடுப்புக்கு ஏறுங்கள், ஏனென்றால் முதல் தள்ளு அங்கேதான் வரும்.